லிட்டர் பைக்கில் டர்போ, 300 ஹெச்பி ஆசை: எது முதலில் உடையும்?

ஆறாவது கியர்

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள். என்னுடையது 1000 சிசி, நான்கு சிலிண்டர், கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம்) 13:1, ரெட்லைன் (இன்ஜின் சுற்றக்கூடிய உச்சம்) 13,000 ஆர்பிஎம். முழு எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஈசியூ மேப் (பெட்ரோலையும் இக்னிஷனையும் கவனிக்கும் கம்ப்யூட்டரின் அட்டவணை) மூன்றும் ஏற்கெனவே செய்தாயிற்று. பவரை அளக்கும் டைனோவில் பின்சக்கரத்தில் 160 ஹெச்பி காட்டுகிறது. அந்த மூன்று வேலையும் சேர்ந்து கொடுத்தது அதில் எட்டுதான், சத்தத்தைக் கேட்டால் எண்பது கூடியது போல இருக்கும்.

இப்போது டர்போ ஆசை வந்துவிட்டது, எக்ஸாஸ்ட் வாயுவில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் அந்தக் கருவிதான். இலக்கு 300. ஒரு பட்டறையில் கேட்டேன், "இன்ஜினைத் திறக்கவே வேண்டாம், கிட்டைப் பூட்டி மேப் போட்டால் போதும், ஒரு வாரத்தில் எடுத்துப் போகலாம்" என்றார்கள். இன்னொரு பட்டறையில் நான் பேசி முடிப்பதற்குள்ளேயே இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டில் யாரோ ஒருவர் என்னை ஏமாற்றுகிறார், யார் என்று தெரியவில்லை.

ஓட்டுவது பெரும்பாலும் சாலையில்தான், மாதம் ஒருமுறை டிராக். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டச் சொல்லி ஒரு நண்பர் நச்சரிக்கிறார், அதுவும் தேவையா? "எதற்கு இந்த வேண்டாத வேலை" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: ஆசைதான், வேறு காரணம் இல்லை. எது முதலில் உடையும் என்று மட்டும் சொல்லுங்கள்.


பட்டறை மாமா

தம்பி, இரண்டு பேருமே ஏமாற்றவில்லை. முதல் பட்டறை அந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது பட்டறை அதற்குப் பிறகு வரும் வருடத்தைப் பற்றிப் பேசுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். டர்போ 0.5 பார் பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், கொடுத்தால் உள்ளே போவது 1.5 பார், ஆகவே ஒன்றரை மடங்கு காற்று, ஒன்றரை மடங்கு பவர் என்றுதான் எல்லாரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். ஆனால் காற்றை அமுக்கினால் சுடும், சைக்கிளுக்குக் காற்றடித்தவனுக்குத் தெரியும், பம்பின் அடியில் கை வைக்க முடியாது. 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று 0.5 பாருக்கு அமுங்கும்போது, கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 80 டிகிரியைத் தாண்டித்தான் வெளியே வரும். சூடான காற்று மெலிந்துபோகும், அதனால் உண்மையில் கூடுவது 28 சதவீதம் அளவுதான். அமுங்கிய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் 40 சதவீதத்தைத் தொடலாம். உங்கள் 160 முந்நூறாக வேண்டுமென்றால், நல்ல இன்டர்கூலரோடு ஏறக்குறைய 1 பார் பூஸ்ட் தேவை.

அந்த 1 பாரை 13:1 கம்ப்ரஷனில் சாதாரண பங்க் பெட்ரோல் தாங்காது. நாக்கிங் வரும். நாக்கிங் என்றால் ஏதோ டிக்டிக் சத்தம் என்று நினைக்காதீர்கள். பிளக் பற்றவைத்த தீ இன்னும் போய்ச் சேராத ஓரத்தில் இருக்கிற கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே ஒரே நேரத்தில் வெடிப்பதுதான் அது. பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். காரில் பெரும்பாலும் அதைக் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ள ஒரு சென்சார் இருக்கும், பைக்குகளில் அது இருப்பது குறைவு. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முழு முறுக்கில் போகிறவன் காதுக்கும் கேட்காது. பிஸ்டனின் ரிங் வரப்பு உடைந்த பிறகு வரும் புகைதான் முதல் தகவல்.

கவாசாகி 2015ல் நிஞ்ஜா ஹெச்2 கொண்டுவந்ததே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? 998 சிசி, சூப்பர்சார்ஜர் (டர்போ மாதிரிதான், ஆனால் இன்ஜினே நேராகச் சுற்றுவது), கம்ப்ரஷன் 8.5:1. உங்கள் 13க்குப் பக்கத்தில் அந்த எட்டரையை வைத்துப் பாருங்கள். டிராக்குக்கு மட்டும் விற்கும் ஹெச்2ஆர் 310 பிஎஸ், சாலைக்கு முதலில் விட்டது சுமார் 200 பிஎஸ். ஒரு முழுத் தொழிற்சாலை உட்கார்ந்து, முந்நூறைத் தாங்கும் அளவுக்கு அடியிலிருந்து ஒரு இன்ஜினைக் கட்டி, சாலையில் போகிறவனுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுத்தது.

"இன்ஜினைத் திறக்க வேண்டாம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். குறைந்த பூஸ்டில், 0.3 அல்லது 0.4 பாரில், இக்னிஷனைப் பின்னுக்கு வைத்து, கலவையைக் கொஞ்சம் கெட்டியாக, அதாவது பெட்ரோலைக் கூட்டி, விட்டால், திறக்காமலும் ஓடும், ஓடுகிற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். முந்நூறுக்கு அது நடக்காது. கம்ப்ரஷனைக் குறைக்கச் சிலர் சிலிண்டர் பிளாக்குக்கு அடியில் ஒரு தகடு வைத்துத் தூக்குவார்கள். சுலபமான வழிதான், ஆனால் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்த இடுக்கு அகலமாகிவிடும். அந்த இடுக்குதான் கலவையை நடுவில் பிதுக்கித் தள்ளி வேகமாக எரிய வைத்து நாக்கிங்கைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை. அதோடு சிலிண்டர் உயர்ந்ததால் கேம் டைமிங்கும் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) சற்றுப் பின்னே போகும், கேம் ஸ்ப்ராக்கெட்டின் துளையை நீளமாக்கிச் சரிசெய்யாமல் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிண்ணம் போல் குழித்த, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போடுவதுதான் முறை.

ரிங்கையும் சொல்லிவிடுகிறேன். ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள், சூட்டில் ரிங் நீளும்போது முனைகள் ஒன்றையொன்று முட்டாமல் இருக்க. அது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஸ்டாக் இன்ஜினின் சூட்டுக்குப் போட்ட கணக்கு. பூஸ்ட் ஏற்றினால் சூடு கூடும், முனைகள் முட்டும், முட்டினால் ரிங் போவதற்கு வேறு இடம் இல்லை, சிலிண்டரைக் கீறும் அல்லது பிஸ்டனைப் பிளக்கும். மேப் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு மருந்து இல்லை, பிரித்துத்தான் அரத்தால் தேய்க்க வேண்டும். இரண்டாவது பட்டறை பிரிக்க வேண்டும் என்றது இதையெல்லாம் நினைத்துத்தான் இருக்கும்.

ஹெட் போல்ட், கிளட்ச், கனெக்டிங் ராட் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. கியர்பாக்ஸ் இன்ஜின் கேஸுக்குள்ளேயே இருப்பதால் ஒரு பல் போனால்கூட முழு இன்ஜினும் மேஜைக்கு வரும்.


கால் மைல்

மாமா இன்ஜினைச் சொல்லிவிட்டார், நான் தரையைச் சொல்கிறேன். கால் மைல் நேர்கோட்டு டிராக் ரேஸ் (drag race) பைக்குகளோடு கொஞ்ச காலம் சுற்றியவன்.

சாதாரண ஸ்போர்ட் பைக்கில் நீங்கள் உட்கார்ந்த பிறகு எடை மையம் ஏறக்குறைய சக்கரங்களுக்கு நடுவில், தரையிலிருந்து 65, 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வீல்பேஸ் 1.4 மீட்டர் சொச்சம். இந்த அளவுகளோடு 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) பக்கம் முடுக்கம் வந்தாலே முன்சக்கரம் தூக்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு பவர் இருந்தாலும் பைக் வேகமாகப் போகாது, உயரமாகத்தான் போகும்.

பைக்கும் ஆளும் சேர்த்து 280 கிலோ என்று வையுங்கள். 1 ஜிக்குப் பின்சக்கரம் தள்ள வேண்டிய விசை சுமார் 2,750 நியூட்டன். மணிக்கு 100 கிலோமீட்டரில் அதற்குத் தேவை 76 கிலோவாட், அதாவது 104 ஹெச்பி. காற்றுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 150 வேகத்தில் 156. உங்கள் இப்போதைய பைக்கே 150 வரை வீலி எல்லையில், அதாவது முன்சக்கரம் தூக்கும் விளிம்பில்தான் நிற்கிறது. ஆக 300 ஹெச்பியை முழுசாகத் தரைக்கு அனுப்ப வேண்டுமென்றால் 200க்கு மேல்தான் அதற்கு வேலை. சாலையில் அந்த வேகத்தில் எத்தனை நொடி இருக்கப் போகிறீர்கள்?

உச்ச வேகத்துக்காக என்றால் அது இன்னும் மோசமான பேரம். காற்றைக் கிழிக்கத் தேவையான பவர் வேகத்தின் கனத்தில் ஏறும். 10 சதவீதம் வேகம் கூட்ட 33 சதவீதம் பவர். 200ஐ 250 ஆக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஸ்விங் ஆர்ம் நீட்டுவது அந்த வீலி எல்லையை ஏமாற்றத்தான். பின்சக்கரத்தை 20 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் எல்லை 1 ஜியிலிருந்து 1.3 பக்கம் போகும், பைக்கைத் தாழ்த்தினால் இன்னும் மேலே. அப்போது என்ன ஆகும்? முன்சக்கரம் தூக்காது, பின்டயர் சுழலும். பிடிப்புள்ள தயார் செய்த டிராக்கில், அதற்கென்றே இருக்கும் டயரோடு, நேர்கோட்டில் அது நல்லது. சாதாரண சாலையில் முன்சக்கரம் தூக்குவது ஒரு எச்சரிக்கை, பின்டயர் வழுக்குவது நேரடியாகத் தண்டனை. அப்புறம் நீளமான ஸ்விங் ஆர்ம் நெம்புகோல் மாதிரி ஷாக்கை அமுக்கும், அதே ஸ்பிரிங் திடீரென்று மெத்தையாகிவிடும், அதையும் மாற்ற வேண்டும். செயின் நீளும், ஆடும். நிறையப் பேர் நீட்டினால் பிரேக் கெட்டுவிடும் என்பார்கள், அது அவ்வளவு சரியில்லை, முன்பிரேக் பெரிதாகக் கெடாது. கெடுவது திரும்புவதுதான். மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போகிறேன் என்கிறீர்கள், வளைவுகள் இருக்கும் டிராக் என்றால் நீட்டவே நீட்டாதீர்கள். அந்த நண்பர் கால் மைல் ஓட்டுகிறவராக இருந்தால் அவர் தன் பைக்குக்குச் சொல்லிக்கொள்ளட்டும்.

இன்டர்கூலர் பற்றி மாமாவோடு எனக்கு ஒரு சின்ன மாற்றுக்கருத்து. எத்தனால் கலந்த ஈ85 ஓட்டினால் இன்டர்கூலர் இல்லாமலே சமாளிக்கலாம், எரிபொருளே ஆவியாகும்போது காற்றைக் குளிர வைக்கும். ஹெச்2விலும் இன்டர்கூலர் கிடையாதே.


பட்டறை மாமா

கால் மைல், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். ஹெச்2வில் இன்டர்கூலர் இல்லாதது எட்டரை கம்ப்ரஷனாலும், அந்தக் கம்ப்ரஸரை அவர்களே அந்த இன்ஜினுக்காகச் செதுக்கியதாலும். கிராங்கைப் போல 9.2 மடங்கு வேகத்தில் சுற்றும், 14,000 ஆர்பிஎம்மில் அது நிமிடத்துக்கு 1,30,000 சுற்றுக்குப் பக்கம். கிட்டோடு வரும் டர்போ அப்படிப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. ஈ85 சரிதான், ஆனால் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, ஈ85க்கு 9.8தான். அப்படியானால் அதே காற்றுக்கு ஒன்றரை மடங்கு எரிபொருள், சின்ன இன்ஜெக்டரும் சின்ன பம்பும் அங்கேயே மூச்சு வாங்கிவிடும். தம்பி வீட்டுக்குத் திரும்பும் வழியில் டேங்க் காலியானால் என்ன செய்வார்?


சாம்பல் பிஸ்டன்

என் பெயரே என் கதை. இதே அளவு பைக், டர்போ, 0.7 பார், 230 ஹெச்பி சொச்சம். இரண்டு வருடம் ஓட்டினேன். அதில் சுமார் ஒரு வருடம் பைக் பட்டறையில் இருந்தது, ஆனால் மீதி ஒரு வருடம் என் வாழ்க்கையிலேயே சிறந்த வருடம், பொய் சொல்ல மாட்டேன்.

எது உடையும் என்று கேட்டீர்கள். எனக்கு உடைந்தது பிஸ்டன், ஆனால் காரணம் விரல் நீள ரப்பர் குழாய்.

விளக்குகிறேன். இன்ஜெக்டருக்கு வரும் பெட்ரோல் 3 பார் அழுத்தத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அது பீய்ச்சும் இடத்தில் 1 பார் பூஸ்ட் இருந்தால் மிச்சம் தள்ளுவதற்கு 2 பார்தான், பீய்ச்சும் அளவு 18 சதவீதம் குறைந்துவிடும். அதாவது இன்ஜின் இரண்டு மடங்கு பெட்ரோல் கேட்கிற அதே நொடியில் இன்ஜெக்டர் கையைச் சுருக்கிக்கொள்ளும். அதனால்தான் பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்று வைப்பார்கள், பூஸ்ட் எவ்வளவு என்று அதற்குச் சொல்வது இன்டேக்கிலிருந்து போகும் ஒரு சின்ன ரப்பர் குழாய். எனக்கு அந்தக் குழாயில் கிளிப் இல்லை, இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று வேலை செய்தவரும் விட்டுவிட்டார், நானும் பார்த்துவிட்டு விட்டேன். ஒருநாள் நான்காவது கியரில் முழு முறுக்கு, பூஸ்ட் குழாயைக் கழற்றி விட்டது, ரெகுலேட்டர் பூஸ்டே இல்லை என்று நினைத்துக்கொண்டது, கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆனது. மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. இரண்டு நொடிகூட ஆகியிருக்காது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓட்டை வழியாகப் பூஸ்டும் எரிந்த வாயுவும் நேராகக் கிராங்க் கேஸுக்குள் போய் அங்கிருந்த ஆயிலை, உள்ளே சேரும் வாயு வெளியேறும் பிரீதர் வழியாக வெளியே தள்ளியது, ஆயில் பிடிக்கும் டப்பா நிரம்பி வழிந்தது, வழிந்த இடம் பின்டயர். கிளட்சைப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல், நேராக உருண்டு போய் நின்றேன். வளைவில் நடந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. இறங்கிப் பார்த்தபோது டயரின் இடது பாதி பளபளவென்று இருந்தது, அந்தப் பளபளப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாமா சொன்ன பட்டியலில் ஒவ்வொன்றையும் நான் சரியாகத்தான் செய்திருந்தேன். ஃபோர்ஜ்ட் பிஸ்டன், ரிங் இடைவெளி, ஹெட் ஸ்டட், எல்லாம். ஸ்டாக் பைக்கிலும் எத்தனையோ குழாய்கள் கழன்றிருக்கின்றன, இன்ஜின் கொஞ்சம் விக்கும், விளக்கு எரியும், அவ்வளவுதான். டர்போ போட்ட பிறகு அதே குழாய் கழன்றால் இன்ஜின் போய்விடுகிறது. சில்லறைத் தவறுகளுக்கு இருந்த மன்னிப்பு எல்லாம் போய்விடுகிறது, நான் கொடுத்த விலை அதுதான்.


சும்மா ஓட்டுறவன்

எல்லாரும் பயமுறுத்திவிட்டீர்கள். லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிறவன் பைக்கே வாங்க மாட்டான், பஸ்ஸில் போவான். தம்பி ஆசைதான் காரணம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

என் யோசனை: டர்போவை விடுங்கள், நைட்ரஸ் (இன்ஜினுக்குள் பீய்ச்சும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) போடுங்கள். பட்டனை அழுத்தாதவரை ஸ்டாக் பைக்தான். அதில் ஆக்சிஜன் எடையில் 36 சதவீதம், காற்றில் 23தான். ஆவியாகும்போது குளிரவும் வைக்கும். 30, 40 ஹெச்பிக்கு இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். இல்லையென்றால் ஆர்பிஎம்மைத் தடுத்து நிறுத்தும் லிமிட்டரை எடுத்துவிட்டு 14,000 வரை சுற்ற விடலாமே, மேப்பில் ஒரு எண்ணை மாற்றுகிற வேலைதான்.


பட்டறை மாமா

சும்மா ஓட்டுறவரே, அந்தக் கடைசி வரி ஆபத்து, அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 13,000லிருந்து 14,000 என்றால் ஆர்பிஎம் கூடுவது 8 சதவீதம்கூட இல்லை, ராடை இழுக்கும் விசை 16 சதவீதம் கூடும். அதிலும் மோசம் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில்தான், அங்கே பிஸ்டனை மேலிருந்து அமுக்கிப் பிடிக்க எரியும் வாயு இல்லை, முழு இழுப்பும் ராடுக்கும் ராட் போல்ட்டுக்கும்தான். வால்வு ஸ்பிரிங்கும் ஒரு வேகத்துக்கு மேல் கேமைத் துரத்த முடியாமல் பின்தங்கும், மூட வேண்டிய வால்வு திறந்தபடி நிற்கும், பிஸ்டன் வந்து முட்டும். எங்கள் பட்டறையில் சொல்வோம், பூஸ்ட் ராடை வளைக்கும், ஆர்பிஎம் ராடைப் பிய்க்கும். வளைந்த ராடோடு வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு. பிய்ந்த ராட் கேஸைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இத்தனைக்கும் அந்த கேம், அந்த இன்டேக்கோடு 13,000க்கு மேல் பவர் கீழேதான் இறங்கும், டைனோ தாளைப் பாருங்கள்.

நைட்ரஸ் தவறில்லை, சின்ன அளவில். பாட்டில் வெயிலில் நின்றால் அழுத்தம் ஏறி, அதே ஜெட்டில் கூடுதல் வாயு வந்து லீன் ஆகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் பட்டனைத் தொடவே கூடாது.


வளைவுப் பைத்தியம்

யாரும் டர்போ ஓட்டுவது எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. 1982லிருந்து ஹோண்டா, யமஹா, சுஸுகி, கவாசாகி நான்குமே டர்போ பைக் விற்றன, ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவில் தொடங்கி. சில வருடங்களில் நான்குமே கைவிட்டன. விலை, எடை என்று பல காரணம், அதில் ஒன்று லேக். வளைவின் நடுவில் மெதுவாக முறுக்குகிறீர்கள், ஒன்றும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் முறுக்குகிறீர்கள், நீங்கள் கேட்டது எல்லாம் ஒரு நொடி கழித்து மொத்தமாக வருகிறது, அப்போது பைக் 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. இன்றைய டர்போக்கள் எவ்வளவோ தேவலை, ஆனால் சாய்ந்திருக்கும்போது முறுக்கிய அளவுக்குத்தான் பவர் வர வேண்டும் என்கிற எதிர்பார்ப்பில் ஒரு சின்ன விரிசல் விழுந்துவிடும். காரில் அது எரிச்சல். பைக்கில் அப்படி இல்லை.

நிறுத்துவதையும் பாருங்கள். 200லிருந்து நிறுத்துவதை விட 250லிருந்து நிறுத்த 56 சதவீதம் கூடுதல் சூட்டைப் பிரேக் விழுங்க வேண்டும். டர்போவுக்குச் செலவழித்துவிட்டு பழைய பேடோடும், ஐந்து வருடப் பிரேக் ஆயிலோடும் வருகிறவர்களை டிராக்கில் பார்க்கிறேன், பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்தையும் படியுங்கள், ஹெச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 வரை.

வேகம்தான் வேண்டும், எண் வேண்டாம் என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள். 17ஐ 16 ஆக்கினால் எல்லா கியரிலும் 6 சதவீதம் கூடுதல் தள்ளல், உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஸ்பீடோ கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் பைக் என்றால் தப்பாகக் காட்டும். 10 கிலோ எடை குறைத்தால் உங்கள் பைக்குக்கு 6 ஹெச்பி கூட்டியதற்குச் சமம், அது பிரேக்குக்கும் வளைவுக்கும் உதவும், ஹெச்பி உதவாது. உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மாற்றியிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது, அதைக் கேட்டால் எல்லாரும் பேச்சை மாற்றுவார்கள்.

இன்சூரன்ஸையும் யோசியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் எந்த இன்சூரன்ஸுக்கும் பணம் தராமல் இருக்க நல்ல சாக்கு. 


ஆறாவது கியர்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கால் மைல் போட்ட 104 ஹெச்பி கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அது மாறவே மாட்டேன் என்கிறது.

வளைவுப் பைத்தியம் கேட்டதற்கு: ஸ்பிரிங் மாற்றவில்லை. பேச்சையும் மாற்றவில்லை. பதினாறு பல் ஸ்ப்ராக்கெட் வாங்கிப் போட்டுவிட்டேன். இரண்டாவது கியரில் முன்சக்கரம் இப்போதே காற்றில் நிற்கிறது, இதற்கு மேல் எங்கே தூக்க என்று எனக்கே ஒரு சந்தேகம். ஸ்விங் ஆர்ம் திட்டம் ரத்து.

ஆனால் டர்போ ரத்து இல்லை, தள்ளி வைத்திருக்கிறேன். 300ஐ விட்டுவிட்டேன், 0.4 பார், 200 வந்தால் போதும். மாமா (நீங்களே அப்படிப் பெயர் வைத்துக்கொண்டீர்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்), ஒரே சமயத்தில் எல்லாம் வாங்க முடியாது, எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?


பட்டறை மாமா

முதலில் லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது), இருக்கிற இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு நட்டுகூட வாங்காதீர்கள். அப்புறம் கலவையில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எத்தனை பங்கு என்று காட்டும் வைட்பேண்ட் லாம்ப்டா சென்சார், ஹேண்டில்பார் அருகில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. முழு முறுக்கில் பூஸ்டோடு அந்த எண் 12க்குக் கீழே இருக்க வேண்டும், 13க்கு மேல் போனால் முறுக்கைக் குறைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பம்ப், ரெகுலேட்டர், இன்ஜெக்டர். பிரேக் நடுவில் எங்காவது வரட்டும், ஆனால் வரட்டும். டர்போவைக் கடைசியில் வாங்குங்கள், முதலில் வாங்கினால் அது மேஜை மேல் உட்கார்ந்து உங்களை அவசரப்படுத்தும்.

டர்போவுக்குள் போவதும் அங்கிருந்து திரும்பி வருவதும் இன்ஜின் ஆயில்தான். டர்போ கீழே உட்காருகிற கிட் என்றால் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பத் தனிப் பம்ப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஓட்டி வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள், இல்லையென்றால் உள்ளே நின்ற ஆயில் கரியாகும்.


சாம்பல் பிஸ்டன்

ரெகுலேட்டர் குழாய்க்கு இரண்டு முனையிலும் கிளிப். பூட்டியவர் போட்டிருப்பார் என்று நம்பாமல் நீங்களே தொட்டுப் பாருங்கள்.